ஒரு ஷில்லிங் எதிரி

தாடி இருந்தது. அதனால் நான் எதிரி.
மழித்த முகக்காரர்கள் எல்லாம்
மகாராணியின் சிப்பாய்கள்.
படக்காரர் ஓப்பன்ஷா எங்களைப் பிரித்தது அப்படித்தான்.
ஆளுக்கொரு ஷில்லிங், மதியம் ரொட்டியும் பீரும்.
பஞ்சாலையில் அன்று கொதிகலன் பழுது.
லங்காஷயரில், எங்கள் ஊருக்கு மேலே,
கைவிட்ட கல்குவாரிதான் தென்னாப்பிரிக்கா.

ஆப்பிரிக்காவில் மழை பிடித்துக்கொண்டது.
வெயில் வரும்வரை இரண்டு படையும்
ஒரே தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டி
ஒரே சுங்கானை மாற்றி மாற்றிப் புகைத்தோம்.
செவிலி வேடத்துக்கு வந்த ஹெப்ஸிபா
வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை தைத்தாள்.
நூல் தீர்ந்துபோய்ப் பாதிச் சிலுவை பச்சை.
"படத்தில் இரண்டும் கறுப்புதான், தை" என்றார் ஓப்பன்ஷா.

மேகம் விலகியது.
சாவதற்குப் போதுமான வெளிச்சம்.

முதல் தரம் தொப்பி பள்ளத்தில் உருண்டது,
செத்தவன் எழுந்தோடி எடுத்துவந்தேன்.
இரண்டாம் தரம் சிரிப்பு வந்துவிட்டது.
மூன்றாம் தரம் நன்றாகவே செத்தேன்,
கைப்பிடி சுற்றுகிறவன் தும்மிவிட்டான்.
எட்டாம் தரம், நிஜமாகவே களைத்து,
முழங்கால் மடங்கி முகம் சேற்றில் புதைய,
எழ மனமில்லாமல் கிடந்தேன்.
"இதுதான்! இதுதான்!" என்று கைதட்டினார்கள்.
சட்டையை வெளுக்க ஒன்றரை பென்னி சோப்பு.

சந்தைத் திடலில் கூடாரம் போட்டுக் காட்டினார்கள்.
துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம்
திரைக்குப் பின்னால் ஒருவன் தகரத்தில் அடித்தான்.
புகையென்றால் அப்படிப் புகை.
பாறையிடுக்கில் பதுங்கிச் சுடுகிறேன்,
குத்தீட்டி வருகிறது, விழுகிறேன்.
"சாவுடா நாயே!" என்று எழுந்து கத்தினாள்
எதிர்வீட்டு மிஸஸ் ஷார்ப்பிள்ஸ்.
பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்,
அவளிடம் இரவல் வாங்கிய குடையோடு.

கடைசி வரிசையில் சைலஸ் டக்வொர்த்.
போன மாதம்தான் திரும்பியிருந்தான்,
வலது சட்டைக்கையைத் தோளருகே மடித்து ஊக்கு குத்தி.
கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தான்.
அடிப்பான் என்று நினைத்தேன்.
காறித் துப்பினாலும் நியாயம்தான்.

"அங்கே புகையே இல்லை" என்றான்.
"புது மருந்து, புகையாது.
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை குப்புறக் கிடந்தோம்.
கல். புல். கானல்.
எங்கிருந்தோ வந்தது.
ஒரு எதிரியைக்கூட நான் பார்க்கவில்லை, ஜேபெஸ்.
ஒரு தொப்பியைக்கூட.
ராத்திரியில் விழிப்பு வந்தால்
யாரைத் திட்டுவது சொல்."

விளக்கைக் கழற்ற வந்தவனிடம்
மூன்று பென்னி நீட்டினான்:
"இன்னொரு தரம் ஓட்டு."

காலி பெஞ்சுகள். தகரக்காரன் போய்விட்டிருந்தான்.
சத்தமில்லாமல் வந்தது போர்.
பாறையிடுக்கில் என் தாடி தெரிந்ததும்
"நிறுத்து" என்றான்.
நிறுத்தினால் பிலிம் பற்றிக்கொள்ளுமாம்.
ஓடிக்கொண்டே இருந்தது.
திரையைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான்.
"அப்போ நீதான்" என்றான் மெல்ல.

குவாரி, ஷில்லிங், பச்சைச் சிலுவை
எல்லாம் சொல்லியிருக்கலாம்.
அவன்தான் அந்தக் குவாரிக்கு அடியில் பிறந்தவன்,
அவனுக்குத் தெரியாததா.
"நான்தான்" என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் மதுக்கடையில்
எனக்கெதிரே வந்து உட்காருகிறான்.
கணக்காக அரைமணி நேரம் திட்டுகிறான்,
என் தாயை, என் பண்ணையை,
எனக்கு இல்லாத பதினாறு எருதுகளை.
நானும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்,
ஒருமுறை எருதுகளுக்காக வருத்தம்கூட வந்தது.
முடித்ததும் இடது கையால் பையைத் துழாவி
இரண்டு பேருக்கும் காசு வைக்கிறான்.

தாடியை எடுத்துத் தொலை என்கிறாள் மனைவி,
பஞ்சுத் தூசு ஒட்டுகிறதாம். வாஸ்தவம்.
கோடை வரட்டும், பார்ப்போம் என்கிறேன்.